சிவப்பிக்கு மட்டும்

காலை ஆறு நாற்பதுக்கு அவள் வால்வைத் திருகி, காற்று நீக்கியிருந்த சேம்பருக்குள் காற்றை விட்டாள். சீறல் அடங்கியதும் எஃகுக் கதவு இளகியது. உள்ளே தலைகீழாகத் தொங்கிய தட்டில் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு படலம். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

முதல் சில்லை இடுக்கியால் எடுத்து அளவுமேசையில் வைத்தாள். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இரண்டு ஊசிகளைப் படலத்தின் மேல் இறக்கினாள். திரையில் கோடு எழுந்தது. மின்சாரம் ஓடியது, நன்றாகவே ஓடியது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டீ பக்கத்தில் இருந்தது.

டீ ஆறுவதற்குள் கோடு படுத்துவிட்டது.

மின்சாரம் கடத்துகிற இந்தக் கரிமப் பொருள்களுக்கெல்லாம் இதே நோய்தான். பிளாஸ்டிக் தாளின் மேல் பூசலாம், மடிக்கலாம், சுருட்டலாம். சிலிக்கான் செய்வதில் பாதியையாவது செய்யும். ஆனால் எலக்ட்ரானைச் சுமக்கிற ரகம் காற்றுப் பட்டால் செத்துப்போகும். ஈரமும் ஆக்ஸிஜனும் எலக்ட்ரானை வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

அதே ஆய்வகத்தில் அவள் தம்பி செய்த பொருள் மட்டும் முன்பு சாகவில்லை. மூலக்கூறின் இரண்டு முனையிலும் அவன் ஃப்ளோரின் வால் வைத்திருந்தான். ஃப்ளோரின் தண்ணீரை அண்டவிடாது. அவன் கொடுத்த பொடியில் அவள் செய்த சில்லுகள் போன வருடம் முழுக்க மேசைமேல் மூடியில்லாமல் கிடந்தன. மழைக்காலம் வந்து போனது. கோடு அசையவில்லை. அடர்சிவப்புப் பொடி என்பதால் சிவப்பி என்று பெயர் வைத்தான். ஆய்வகம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

முதல் தடவை அவன் செய்தது கொஞ்சம்தான். அது காற்றில் பிழைத்ததால் இன்னும் நிறையச் செய்யச் சொன்னார்கள். வாலை ஒட்டவைக்கும் கடைசிப் படிக்கு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வேண்டும். இரண்டாம் தடவை அவனுடைய வலது கையுறையில் ஓர் ஓட்டை இருந்தது. ஊசி முனை அளவு. அந்த அமிலம் பட்டவுடன் வலிக்காது. அவன் வேலையை முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். படுக்கப் போகும்போது விரல் என்னவோ பண்ணுகிறது என்றான். அதற்குள் அது எலும்புக்குப் போயிருந்தது. நடுவில் இருக்கும் மூன்று விரல்களையும் எடுத்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

அவன் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம், அவள் செருப்பைக் கழற்றும்போதே, சிவப்பியை விசாரிப்பான். சிவப்பி நல்லபடியாக இருக்கிறாள் என்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

நேற்றும் கேட்டான்.

"எம்பொண்ணு எப்படி இருக்காக்கா?"

"நல்லா இருக்கா."

"மூச்சுக் கீச்சு முட்டுதா?"

"இல்லடா. நல்லாத்தான் இருக்கா."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பெத்தவன் கெட்டான் போ. ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கடான்னா, பொடியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறான்."

"அம்மா, இவ மழையில நிக்கிறவ. நீ பாத்து வைக்கிற பொண்ணு நிப்பாளா? மொத தூறலுக்கே தும்முவா."

"கையில ரெண்டு விரலு. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல."

"ரெண்டு போதும்மா. இடுக்கிக்கு ரெண்டு கால்தானே."

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அவன் மேசையில் சின்னத் தராசை வைத்துக்கொண்டு, இடது கையால் உப்பை நிறுத்துப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு சிட்டிகையைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கினான். அடுத்த தவணைச் சிவப்பியைச் செய்ய வரச் சொல்லி ஆய்வகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். செய்முறை அவனுக்கு மட்டும்தான் கைவந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் போகிறான்.

சில வாரங்களாகச் சிவப்பி செத்துக்கொண்டிருந்தாள். அதை அக்கா வீட்டில் சொல்லவில்லை.

இரண்டாவது சில்லும் படுத்தபோது பம்ப்காரர் வந்தார். சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பைச் சில வாரங்களுக்கு முன் பிரித்து மாட்டியவர். பழுதுபார்த்தபின் ஒருமுறை வந்து பார்ப்பது அவர் வழக்கம். பம்பின் மேல் கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எப்படிம்மா இருக்கு நம்ம ஆளு?"

"நல்லா ஓடுதுங்க."

"ஓடாம? போன தடவ திறந்து பாத்தப்ப எனக்கே வெக்கமாப் போச்சு. வால்வு வாயே மூடல. எத்தன வருஷமா அப்படிக் கெடந்துச்சோ. நீங்க நிறுத்துறப்பல்லாம், கரன்ட் போறப்பல்லாம், எண்ணெய் ஆவி அப்படியே மேல ஏறி உங்க டப்பாவுக்குள்ள போயிருக்கும்."

"நிறையவா?"

"கண்ணுக்குத் தெரியாது. பனி படிஞ்ச மாதிரி. இப்ப ஒரு பொட்டு வராது. டப்பா உள்சுவரையும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் போனேன். அதுல மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம்."

அவள் ஊசிகளை உயர்த்திவிட்டுக் கேட்டாள். "அது என்ன எண்ணெய்?"

"சாதா எண்ணெய் உங்க ஆசிட் கீசிட்டுக்குத் தாங்காதுன்னு நீங்கதானே மாத்தச் சொன்னீங்க. ஃப்ளோரின் எண்ணெய். தண்ணி ஒட்டாது அதுல." அவர் அவளைப் பார்த்தார். "ஏம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லங்க. சரியாத்தான் பண்ணியிருக்கீங்க."

"அப்பச் சரி. பயந்தே போயிட்டேன்."

அவர் போனபின் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. இந்த வாரங்களில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தாள். பொடியை, மின்முனையான தங்கப் பூச்சை, கண்ணாடியை, வெளியே பெய்த மழையை, தன் கையை. சுத்தத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பழைய எக்ஸ்ரே அளவுகளைக் கணினியில் திறந்தாள். சில்லின் மேற்பரப்பில் ஃப்ளோரின் இருக்கிறதா என்று அப்போது பார்த்தார்கள். இருந்தது. கோபுரம்போல் ஒரு கூம்பு. அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில்கூட ஒட்டினார்கள். இப்போது கார்பனின் கோட்டைப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன மேடு. ஃப்ளோரினோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து ஒட்டிய கார்பன் அந்த இடத்தில்தான் வரும். சிவப்பியின் வாலில் ஆக்ஸிஜன் கிடையாது. எண்ணெயில் உண்டு. அன்றைக்கு மேட்டை யாரும் பார்க்கவில்லை. ஃப்ளோரினைத் தேடிப் போனார்கள், ஃப்ளோரின் கிடைத்தது, கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அலமாரியில் இன்னொரு புட்டி இருந்தது. கடையில் வாங்கிய சிவப்பு. வால் இல்லாதது, ஃப்ளோரின் இல்லாதது. ஒப்பிட்டுப் பார்க்க வாங்கியது. அதற்குத் தம்பி வைத்த பெயர் மொட்டை. மொட்டை காற்றில் சாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவளே செய்து பார்த்திருக்கிறாள். ஆனால் அது பக்கத்து அறையில், பழைய சேம்பரில்.

இந்தச் சேம்பரில் மொட்டையைப் போட்டதில்லை. கதவில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. 'சிவப்பிக்கு மட்டும்' என்று தம்பி எழுதியது. வலது கையால் எழுதிய எழுத்து, 'ட்'டின் புள்ளி பெரிதாக. வேறு பொருளைப் போட்டால் சுவரில் படியும், மறுநாள் சிவப்பியோடு கலக்கும், ஒரு தூசு போதும் அவளைக் கெடுக்க என்பான். ஒருமுறை மேல்மாடிக்காரர் ஒருவர் தன் பொடியோடு வந்தபோது வாசலிலேயே கையை விரித்துக்கொண்டு நின்றான். சேம்பரைச் சுத்தமாக வைத்திருப்பதில் அவர்கள் ஆய்வகத்துக்கு நல்ல பெயர் இருந்தது.

அவள் அந்தக் கதவைத் திறந்து, ஒரு கிண்ணியில் மொட்டையைப் போட்டாள். இன்னொரு கிண்ணியில் பம்ப் எண்ணெய் ஒரு சொட்டு. மூடினாள். காற்று வெளியேறும்வரை பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் எண்ணெயைச் சூடாக்கினாள், பிறகு மொட்டையை, கடைசியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

பிற்பகலில் ஊசிகளை இறக்கினாள். கோடு எழுந்தது. டீ ஆறியது. கோடு நின்றது. இன்னொரு டீ வாங்கி வந்தாள். அதுவும் ஆறியது. ஊசிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலமும் அவன் கேட்டான், அவளும் நல்லா இருக்கா என்றாள்.

காலையில் வந்து பார்த்தபோது கோடு இம்மி இறங்கவில்லை. படலத்தின் மேல் வாயால் ஊதினாள். நீராவி படும்படி டீக் கோப்பையைப் பக்கத்தில் வைத்தாள். அப்போதும் நின்றது.

ஃப்ளோரின் வாலோடு சிவப்பி சுத்தமான சேம்பரில் சாகிறாள். வாலே இல்லாத மொட்டை எண்ணெய்ப் பூச்சில் பிழைக்கிறது. இதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

குழுத் தலைவருக்கு ஆய்வகத்தில் சுருக்கம் என்று பெயர். யார் வாயைத் திறந்தாலும் சுருக்கமாகச் சொல்லச் சொல்வார். அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், சிவப்பி காத்துல சாகுது."

"சுருக்கமா சொல்லுங்க."

"அதான் சார் சுருக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் கோடுகளைக் காட்டினாள். பம்ப், வால்வு, எண்ணெய், மேடு, மொட்டை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அப்போ மொட்டையே போதும்?"

"போதும் சார்."

"கூட எண்ணெய் ஆவி மட்டும்?"

"ஆமா சார்."

"அடேயப்பா. அப்போ அந்தக் கடைசி ஸ்டெப்பே வேண்டாமே! ஆசிட் தொல்லை விட்டுது. கடையில வாங்கி அப்படியே போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். என்னம்மா நீங்க, இவ்வளவு நல்ல சேதிய எழவு சொல்ல வந்தவங்க மாதிரி நின்னுக்கிட்டுச் சொல்றீங்க?"

கொஞ்சம் கழித்து அவருக்கு உறைத்தது. கையிலிருந்த பேனாவின் மூடியைத் தேடினார். அது பேனாவிலேயே இருந்தது.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்களே சொல்லிடுங்க. வீட்டு ஆளு சொன்னாத் தாங்கிக்குவான்."

"திங்கட்கிழமை வர்றதுக்குத் தயாரா இருக்கான் சார்."

"ம். அது சிவப்பி செய்யத்தானே." ஜன்னலைப் பார்த்தார். "இனிமே அதுக்கு..."

பேனாவை மேசைமேல் வைத்தார்.

வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்பே பேருந்தை விட்டு இறங்கி நடந்தாள். மழை விட்டிருந்தது. கைபேசி பழுதுபார்க்கும் கடையில் உடைந்த திரைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் ஆள் சூடான தகட்டில் ஒரு திரையை வைத்து, கண்ணாடியிலிருந்து படலத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, டிஸ்ப்ளே மாத்தணுமா?" என்றான், பல் தெரிய.

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். சொல்ல வேண்டியதை நடக்க நடக்க அடுக்கிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் மூன்றாவது வார்த்தையில் விரல் வந்து நின்றது. மாடிப்படி ஏறும்போது வேறொன்றைத் தயார் செய்துகொண்டாள். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், மேலிடத்து முடிவு. அதோடு நிற்கட்டும். எங்கேயாவது சிவப்பி உயிரோடு இருப்பதாக அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

கதவைத் திறந்தவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். பச்சை ரப்பர் கையுறைகள், அமிலத்துக்கானவை. வலது கையுறையில் காலியான மூன்று விரல்களையும் அடியில் முறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"பாத்தியா, எனக்குன்னு அளவெடுத்துத் தச்சது."

"யாருடா முடிச்சுப் போட்டது?"

"அம்மாதான். முடிச்சுக்கு ஒரு வசவு."

அம்மா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "திட்டாம கொஞ்சுவாங்களா? திங்கட்கிழமை மறுபடி அந்தச் சனியன்கிட்டப் போறானாம். சொன்னாக் கேக்கப் போறதில்ல. முடிச்சாவது எங்கையால விழட்டும்னு போட்டேன். தண்ணி ஊத்திப் பாத்தாச்சுடி. ஒழுகல."

"ரெண்டு தடவ ஊத்தினாங்க" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "எம்பொண்ணு எப்படி இருக்கா?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"திங்கட்கிழமை நீ போக வேண்டாம்."

"ஏன், சுருக்கம் லீவா?"

"திட்டத்த நிறுத்திட்டாங்க. மேல முடிவு பண்ணிட்டாங்களாம்."

அவன் தோளைக் குலுக்கினான்.

"போகட்டும். அவங்க இல்லன்னா இன்னொருத்தன். செய்முறை எந்தலையில இருக்கு. ஆவிய இழுக்குற ஒரு ஹூட்டும் ஒரு புட்டி ஆசிட்டும் எங்க குடுத்தாலும் பண்ணிடுவேன். நாலு எடத்துக்கு எழுதிப் போடறேன். காத்துல ஒரு வருஷம் நின்னவள எவன் வேண்டாம்பான்?"

"டேய்."

"என்ன?"

"அந்த ஸ்டெப் வேண்டாம்."

"எந்த ஸ்டெப்?"

"கடைசி ஸ்டெப்பு."

அவன் சிரித்தான். "அது இல்லன்னா அவ வெறும் மொட்டைக்கா."

"மொட்டை போதும்."

அவள் சொன்னாள். நின்றபடியே சொன்னாள், சுருக்கத்திடம் சொன்ன அதே வரிசையில். அவன் கேள்வி கேட்டான். வால்வு எப்போதிலிருந்து மூடவில்லை? மேடு எந்த இடத்தில் வருகிறது? எண்ணெயை முன்னால் போட்டாயா, பின்னால் போட்டாயா? சிவப்பியையும் எண்ணெயோடு போட்டுப் பார்த்தாயா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கேள்விகள் சரியான கேள்விகளாக இருந்தன. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனையோ முறை இப்படிப் பேசியிருக்கிறார்கள். குரலைக்கூட அவன் உயர்த்தவில்லை. கடைசிக் கேள்விக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி, பொடி கெட்டுப்போச்சா?"

"கெடலம்மா."

"அப்ப மறுபடி செஞ்சுக்கலாம்ல?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி இருந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் தம்பி. "பொண்ணே இல்லாம கல்யாணம் முடிஞ்சிடுச்சாம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவன் தலையில் கையை வைத்தாள். அவன் தலையை விலக்கவில்லை. அம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, அவன் முகத்தைக் குனிந்து பார்த்து, கேட்காமல் அடுப்படிக்குப் போனாள். இம்முறை குழாயைத் திறக்கும் சத்தம் வரவில்லை.

தராசுத் தட்டில் உப்பு அப்படியே இருந்தது. அவன் இடது கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். வலது கையுறையை உருவ முடியவில்லை, முடிச்சுகள் இறுகியிருந்தன. அவள் உதவப் போனாள். வேண்டாம் என்று தலையை அசைத்தான். முதல் முடிச்சில் நகத்தை வைத்து நெம்பிக்கொண்டே, ஒரு கணக்கில் எங்கே தவறு என்று தேடுபவனின் நிதானத்தோடு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"மொட்டைய அந்தச் சேம்பர்ல ஒரே ஒரு தடவ போட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல. இந்த ரெண்டாவது தடவையே வந்திருக்காது. ஏன்க்கா நீ போட்டுப் பாக்கல?"